துளைக்குள் போய் வந்த தண்ணீர்

தேவிகுளத்துக்கு மேலே, அணை கட்டப் பாறை தாங்குமா என்று பார்க்க வந்த துளை இயந்திரத்துக்குத் தீராத தாகம். நாளெல்லாம் தண்ணீர் குடித்தது. குடித்ததைச் சாம்பல் நிறக் குழம்பாகக் கக்கியது. குழம்பு ஓடையில் இறங்கி ஒருவருக்கும் உதவாமல் போனது. ஐம்பத்தாறாம் வருஷப் பங்குனி அது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் ஒரே ஊற்றுகூடப் பொழுது சாயும்வரை இயந்திரத்துக்கே என்று உத்தரவு. உத்தரவு போட்டவர்கள் வீட்டில் குழாய் இருந்தது.

அந்த ஊற்றிலிருந்து இயந்திரத்துக்குக் குடம் சுமப்பவள் சுருளியம்மாள். இருட்டிய பின் ஊறுவது லயத்துக்குக் குடிக்கவே பற்றவில்லை. அங்கே அவள் தங்கை பூமாரி பிள்ளை பெற்று ஒன்பது நாளாகியும் தலைக்கு ஊற்ற வழியில்லை. தங்கைக்கு இல்லாத தண்ணீரைத் தன் கையாலேயே இரும்புக்கு ஊற்றுகிறோமே என்று ஒவ்வொரு குடத்துக்கும் அவள் புழுங்கினாள்.

கக்கிய தண்ணீரையே தெளியவைத்துத் திரும்பக் கொடுத்தால் என்ன என்று இயந்திரத்தை ஓட்டும் மேஸ்திரி சைனுதீனிடம் கேட்டாள். பாலக்காட்டுக்காரர், நல்ல மனுஷர், ஆனால் பயந்தாங்கொள்ளி. மண் போனால் துளைக்குத் தண்ணீர் தள்ளும் பம்பு அடைக்கும், தன் வேலை போகும் என்றார். அவள் விடவில்லை. அவள் பிறந்த இராமநாதபுரத்துச் சீமையில் கலங்கல் கண்மாய்த் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது. குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசினால் மண் அடியில் படிந்துவிடும். பெட்டியில் வைத்திருந்த கொட்டைகளையெல்லாம் கல்லில் உரைத்து, ஓடைக்கு இறங்கும் வழியில் குழம்பு தேங்கிய குழியில் கலக்கினாள். மறுநாள் காலை தண்ணீரில் வானம் தெரிந்தது.

அதைப் பார்த்த சைனுதீன், குடத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதுபோலவே பம்புக் குழாயைக் குழியின் அடிவரை இறக்கினார். பத்தே நிமிஷத்தில் பம்பு சேற்றை விழுங்கி நின்றது. அவர் அதைக் கழற்றிக் கழுவி மாட்டியதும், குழியை மூடிவிடச் சொன்னார்.

சுருளியம்மாள் மண்வெட்டியைத் தொடவில்லை.

"தெளிஞ்ச தண்ணிய மேலாக்கத்தான் மோப்போம் மேஸ்திரி. அடியில கைய விட்டா எங்க வீட்டுக் குடத்துலயும் சேறுதான் வரும்."

அவர் குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னின் வாயை அடைத்து, குழாய் முனை அதற்கு ஒரு சாண் கீழே தொங்கும்படி கட்டி மிதக்கவிட்டார். பம்பு ஓடியது. ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், அது நிற்கவில்லை.

"இனி இதுக்கு நாலு கொடம் போதுமுங்க. நீங்க குழியப் பாத்துக்கங்க, ஊத்து உங்க லயத்துக்கே இருக்கட்டும். மேல கேட்டா நான் சொல்லிக்கறனுங்க," என்றார். அந்தப் பயந்தாங்கொள்ளி மேல் சுருளியம்மாளுக்கு அப்போது பெரிய மரியாதை வந்தது.

பொழுது இறங்கும் முன்பே லயத்தில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்தது. பூமாரி தலையைக் குனிந்து உட்கார்ந்து, "பாத்து ஊத்துக்கா, போதும் போதும்," என்றாள். அக்கா கேட்கவில்லை. அண்டா காலியாகும்வரை ஊற்றினாள். பிறகு இன்னொரு குடம் மொண்டுவர, வெயில் இருக்கும்போதே ஊற்றுக்குக் கிளம்பினாள்.