தலையில்லாத கிளிகள்

"மாமா, ரெண்டு கிளிக்கும் தலை இல்ல" என்றாள் விஜி.

பார்த்தேன். இல்லைதான். அட்டையில் அச்சடித்த ஜோடிக் கிளிகளின் ஓரத்தை ஒட்டி இயந்திரம் வெட்டித் தர வேண்டும். அது ஒரு விரல் தள்ளி வெட்டியிருந்தது.

"நரேஷ் அம்மா இதைப் பாத்தா, பொண்ணு வீட்டுல கசாப்புக் கடை வச்சிருக்காங்கன்னு நெனைப்பாங்க."

"வேற தாள் குடு."

விஜி என் மனைவி தாரணியின் தங்கை. நாளைக் காலை அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை நரேஷ், அத்திபெலே ஊர்க்காரர். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஒரு நன்றி அட்டை வைக்க வேண்டும், அது அக்கா வரைந்ததாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

தாரணி சித்திரையில் இறந்துபோனாள். வீட்டிலேயே வாழ்த்து அட்டைகள் செய்து விற்றுவந்தாள். இயந்திரம் அவளுடையது. அதற்குப் பிறகு நான் அதன் மேல் போட்ட துணியை எடுக்கவில்லை.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறேன். கீழே மாமியார் ரத்தினம்மாள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். நல்ல காரியத்தில் யாரும் அழக் கூடாது. தாரணியின் படம் உள் அறைக்குப் போகும். நாளை முழுக்க அவள் பேச்சை எடுக்கக் கூடாது.

"போட்டோதானே வேணாம்னாங்க? கார்டு வைக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இன்று காலையில் விஜி மாடிக்கு வந்தாள். "அக்கா கிளியா வரட்டும். நீங்க வெட்டிக் குடுங்க."

"எனக்குத் தெரியாது."

"பெரிய சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் செஞ்ச தப்பெல்லாம் கண்டுபிடிப்பீங்க. ஒரு பட்டனை அமுக்கத் தெரியாதா?"

அமுக்கினேன். தலை போயிற்று. இரண்டாவது தாளில் தலை இருந்தது, வால் இல்லை.

"முன்னேறிட்டீங்க மாமா. அடுத்ததுல றெக்கைய எடுத்துடுங்க, பிரியாணிக்கு ரெடி."

மூன்றாவது தாளும் வீணானபோது அவள் கேலியை நிறுத்திவிட்டாள். மிச்சத் தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது வரலைன்னா அப்பா சிவாஜிநகர்ல ரெடிமேட் கார்டு வாங்கிட்டு வந்துடுவாரு. பிள்ளையார் படம் போட்டது."

"பிள்ளையாருக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. அக்கா வர மாட்டா, அவ்ளோதான்."

உட்கார்ந்து யோசித்தேன். தாளின் மூலைகளில் கறுப்புக் கோடுகள் அச்சாகியிருக்கும். கத்திக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் கண் அவற்றைப் பார்த்துத்தான் படம் எங்கே என்று தெரிந்துகொள்ளும். கோடுகள் சரியாக இருந்தன. கத்தியும் சரி. போன் டார்ச்சை உள்ளே அடித்தேன்.

கண்ணின் மேல் வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. ஆயுத பூஜைக்கு என் பைக்குக்குக்கூடப் பொட்டு வைக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் மாமியார். மாடிச் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. வெளியே வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று உள்ளே வைத்திருக்கிறார்.

விஜி எட்டிப் பார்த்தாள். பிறகு படிக்கட்டில் நின்று கத்தினாள். "அம்மா! மேல வா!"

மாமியார் மூச்சு வாங்க வந்தார்.

"மெஷினுக்கு யாரும்மா பொட்டு வச்சது?"

"எனக்கென்ன தெரியும்? பல்லி ஏதாவது ஏறியிருக்கும்."

"பல்லி குங்குமம் வைக்குமா?"

"சந்தனம் வச்சு, அதுக்கு மேல குங்குமம் வச்சிருக்கு அத்தை" என்றேன். "பூஜை புனஸ்காரம் தெரிஞ்ச பல்லி."

மாமியார் என்னையே பார்த்தார். நான் கிண்டலாக எதுவும் பேசி நாளாகியிருந்தது.

"வருஷா வருஷம் அவ வைப்பா" என்றார். "இந்த வருஷம் மட்டும் அது வெறுமனே இருக்கணுமா? மெஷினுக்குக் கண்ணு இருக்குதுன்னு யாராவது என்கிட்ட சொன்னீங்களா?"

பஞ்சை நனைத்து அந்தக் கண்ணை மட்டும் துடைத்தேன். அடுத்த தாளை வைத்தேன். கிளிகள் முழுசாக வந்தன.

"ஆய்த்து, முடிஞ்சுது!" என்று விஜி கைதட்டினாள். "மூக்கு இருக்கு, வால் இருக்கு. மாமா, டெஸ்ட் பாஸ்."

மாமியார் ஓர் அட்டையை எடுத்து மடித்தார். விரித்தார். பின்பக்கம் திருப்பினார்.

"இங்க ஏன் ஒண்ணும் இல்ல? பின்னாடி எப்பவும் பேரு போடுவாளே."

"நீதானே பேச்சே எடுக்கக் கூடாதுன்ன. அதான் பேரை நான் எடுத்துட்டேன்."

"பேசக் கூடாதுன்னேன். எழுதக் கூடாதுன்னு சொன்னேனா?"

விஜி மூக்கை உறிஞ்சினாள்.

"அழறதுன்னா இப்பவே அழுது முடிச்சுடு" என்றார் மாமியார். "நாளைக்கு மூஞ்சி வீங்கி நிக்காத."

கத்தியைக் கழற்றினேன். அதே இடத்தில் பேனாவைப் பொருத்தினேன். இந்த இயந்திரம் எழுதவும் செய்யும். அட்டையைத் திருப்பி வைத்துப் பட்டனை அமுக்கினேன். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 'தாரணி' என்று எழுதிவிட்டு நின்றது.

மாமியார் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசா போடுங்க மாப்பிள்ளை. நரேஷ் வீட்டுல எல்லாருக்கும் கண்ணாடி."