பால்கனியில் வாய்மூடிய கருவி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் கார்பன் மோனாக்சைடு கண்டறியும் கருவி ஒன்றை மாட்டினேன். அன்றிலிருந்து அது பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. எந்த ஆபத்தும் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஆனாலும் எனக்கு ஏமாற்றம். கதையிலாவது கத்தட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மரணத்துக்கு மணமில்லை. அது அந்த வீட்டுக்குள் பூனைபோல...

(வேண்டாம். எனக்கே சிரிப்பு வருகிறது.)

இரண்டாவது: ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, விருந்துக்கு வந்திருக்கும் மாமியார். மாமியாரின் அறைச் சுவரில் கருவி. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அங்கே எரிவாயுவில் இயங்கும் வெந்நீர் ஹீட்டர்.

கருவி கத்துகிறது.

"நான் வந்ததுலேர்ந்து கத்துது மாப்பிள்ளை. யாரு பழக்கிவிட்டது?"

"அத்தை, இது மெஷின். நாய்க்குட்டி இல்ல."

"ஏங்க, அம்மாவுக்குத் தலை வலிக்குதாம். மொதல்ல அதை நிறுத்துங்க" என்றாள் மனைவி.

3

(கதை ஒரு நிமிடம் நிற்கட்டும். சமையல் வாயு கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். அதற்காகவே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கீழே தங்கும்; ஆகவே அதற்கான கருவியைத் தரையருகே மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு வேறு ரகம். நெருப்புக்குப் போதிய காற்று கிடைக்காதபோது பிறக்கிறது. மணமில்லை, நிறமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு லேசில் எழுந்திருக்காது. முதலில் தலைவலி. பிறகு மயக்கம். பிறகு...)

மாமியார் சொன்னதில் நியாயம் உண்டு. அவர் வந்த பிறகுதான் ஹீட்டர் நெடுநேரம் எரிகிறது. அதன் புகைக்குழாய் கழன்று, புகை வீட்டுக்குள்ளேயே தங்குவது உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

4

மெக்கானிக் கருவியைக் கழற்றிப் பால்கனிக்குக் கொண்டுபோனார். சற்று நேரத்தில் சத்தம் நின்றது.

"சரியாயிடுச்சு!"

"என்ன பண்ணீங்க?"

"தட்டினேன்."

உள்ளே கொண்டுவந்தார். கத்தியது. மறுபடி வெளியே. மறுபடி அமைதி.

"அதுக்கு வெளிக்காத்துதான் ஒத்துக்குது. இங்கயே இருக்கட்டும்."

இவர் இவ்வளவு அசடா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அசடில்லை. தகராறு செய்யும் பாகத்தைத் தனியே கழற்றிச் சோதிப்பது அவர் தொழில்முறை. இங்கே பழுதானது வீடு. அவர் கழற்றியதோ கருவியை.

5

முடிவு ஒன்று: மாமியார் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு...

(அடித்துவிட்டேன். என்னால் ஆகாது.)

முடிவு இரண்டு: "அப்படி என்ன வைத்தியம் பண்ணீங்க?" என்று மாமியாரும் பால்கனிக்கு வருகிறார். பின்னாலேயே மகள். மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்ச நேரம் காற்று வாங்குகிறார்.

"இங்க வந்ததும் தலைவலி கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

மகள் சிரித்தாள். "ஏங்க, அம்மாவையும் தட்டினீங்களா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. கருவியைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

6

இங்கே நிறுத்துகிறேன். உள்ளே ஹீட்டர் இன்னும் எரிகிறது. வெளியே குளிர்காற்று. அவர் சட்டைப்பையில் போன் இருக்கிறது, நான்தான் வைத்தேன். அவர் எரிவாயு அலுவலகத்தைக் கூப்பிடலாம். அல்லது, "குளிருது அத்தை, உள்ள போலாம்" என்று சொல்லலாம்.

எது என்பதை நீங்கள் சொல்லுங்கள். அதுவரை மூவரும் நடுங்கிக்கொண்டு அங்கேயே நிற்கட்டும். ஒருவரையும் உள்ளே விடமாட்டேன்.