பட்டாணி கொண்டுவந்த டப்பா

ஒன்றாம் வகுப்பின் பத்தொன்பது பிள்ளைகளும் வீட்டுப்பாடமாக ஆளுக்கொரு சத்தத்தைக் கொண்டுவந்த வியாழக்கிழமையன்று, பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் மூன்று குக்கர்கள் விசில் அடிக்கவில்லை. இரண்டு வாசல் மணிகள் ஊமையாகிவிட்டன. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஒருவர், கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாகக் குறட்டை விடாமல் தூங்கினார். அவர் மனைவி பதறிப்போய், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாராம். மற்றபடி அன்று மழை இல்லை, காற்று சுமார், உருளைக்கிழங்கு முந்தைய நாள் விலையேதான்.

இதற்கெல்லாம் காரணமான பாட்டு மிஸ் மந்திரக்காரி ஒன்றும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டு ஒதுக்கிக் கொடுத்த அறையில், ஆறு மேளம், ஒரு கூடை சலங்கை, தட்டினால் பாடும் மரக்கட்டை வரிசை ஒன்று (அதில் ஒரு கட்டை காணவில்லை), இவற்றை வைத்துக்கொண்டு ஐந்து வயசுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முதலில் காது, அப்புறம் தொண்டை, கடைசியில்தான் கை என்பது அவள் முறை. முதல் மாதம் முழுக்கக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னாள். மாதக் கடைசியில் பிள்ளைகள் நடையை வைத்தே வராந்தாவில் வருவது கணக்கு மிஸ்ஸா ஆயாவா என்று சொன்னார்கள். கணக்கு மிஸ்ஸின் இடது செருப்பு வார் அறுந்துபோகப் போகிறது என்றும் சொன்னார்கள், மறுநாள் அறுந்தது. இரண்டாம் மாதம் பாட்டு. பதினோரு பேர் சுருதியில் நின்றார்கள், மற்ற எட்டுப் பேர் சுருதிக்கு அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள். மூன்றாம் மாதம் கைக்கு வந்தபோதுதான் வண்டி மக்கர் செய்தது. மூன்று தட்டு தட்டி, நாலாவதைத் தட்டாமல் விட வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஆனால் கையில் குச்சி கிடைத்த குழந்தை எதைத் தட்டாமல் விடும்? மேளத்தைத் தட்டினார்கள், பெஞ்சைத் தட்டினார்கள், பக்கத்துப் பிள்ளையின் தலையைத் தட்டினார்கள். நாலாவது தட்டு மட்டும் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. பெற்றோர் நாளுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. மறுபடியும் காதிலிருந்தே தொடங்குவோம் என்று முடிவுசெய்த மிஸ், "வீட்ல ஒரு சத்தத்தை நல்லா கேளுங்க. சிந்தாம சிதறாம அப்படியே இங்க கொண்டு வரணும்" என்றாள். வாயால் செய்து காட்டுவார்கள் என்று நினைத்தாள், பாவம்.

பிள்ளைகள் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்தார்கள். குக்கர் விசில் தண்ணீர் பாட்டிலில் வந்தது, வாசல் மணி தீப்பெட்டியில் வந்தது, அப்பாவின் குறட்டை பழைய காலுறைக்குள் முடிச்சுப் போட்டு வந்தது. ஒருத்தி தொட்டில் தம்பியின் அழுகையைச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து, கேட்டு, பெயர் சொல்லி, மூடினார்கள். கடைசியாக வந்தவள் பட்டாணி. வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள் என்பதால் அந்தப் பெயர். கையில் ஒரு தகர டப்பா வைத்திருந்தாள். அவள் அப்பா பஸ் கண்டக்டர், நாளெல்லாம் நிறுத்தங்களின் பெயரைக் கத்துகிறவர். அம்மா ஆஸ்பத்திரியில் டெலிபோனுக்குப் பதில் சொல்கிறவர். ஊர்ப்பட்ட பேருடன் பேசிவிட்டு வீட்டுக்கு வரும் அந்த இருவரும் ஒன்றரை வருஷமாகத் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. புதிதாக வாங்கிய அலமாரியை ஜன்னல் பக்கம் வைப்பதா, கதவுப் பக்கம் வைப்பதா என்பதில் தொடங்கிய சண்டை. அலமாரி கூடத்தின் நட்டநடுவில் அப்படியே நின்றது. பட்டாணி ஒரு பக்கம் அப்பாவோடும் மறுபக்கம் அம்மாவோடும் முறை வைத்துச் சாப்பிட்டாள். "எங்க வீட்ல சத்தமே இல்ல மிஸ். இருந்ததை எடுத்துட்டு வந்தேன்" என்று டப்பாவைத் திறந்தாள்.

மின்விசிறியின் கடகட நின்றது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை வாயைத் திறந்தது, ஒன்றும் வரவில்லை. பத்தொன்பது பிள்ளைகளும் சேர்ந்தாற்போல் சும்மா இருந்தார்கள், இது அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றில் இல்லாத சங்கதி. பட்டாணி மூடியைப் போட்டதும் எல்லாம் பழையபடி இரைந்தன. மிஸ்ஸுக்கு மூளை வேலை செய்தது. மூன்று தட்டு, நாலாவதுக்கு டப்பாவைத் திற, மூடு. மூன்று தட்டு, திற, மூடு. அரைமணி நேரத்தில் நாலாவது தட்டு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஓங்கின குச்சியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, ஏதோ பெரிய மனிதர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மிஸ் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். டப்பாக்களை எல்லாம் அறையிலேயே அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் அறை வாசலில் சந்தைக் கூட்டம். குக்கர்காரர்கள் தீய்ந்த பாத்திரங்களோடு வந்திருந்தார்கள். குறட்டைக்காரரின் மனைவி மட்டும், வருஷக் கடைசி வரைக்கும் அதைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார். தொட்டில் குழந்தையின் அம்மாவும் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் தோளில் குழந்தை வாயைப் பிளந்து, முகம் சிவக்க, கண்ணீர் வழிய அழுதுகொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லாமல். மிஸ் ஓடிப்போய் அந்த டப்பாவை எடுத்துவந்து திறந்தாள். வீல் என்ற அலறலைக் கேட்டு அம்மாவுக்கு உயிர் வந்தது. தலைமை ஆசிரியை மேசையைத் தட்டினார். "நாளைக்குள்ள ஒண்ணு விடாம வீடு வீடா போய்த் திருப்பிக் குடுங்க. பத்தொன்பது வீட்டுக் கையெழுத்தும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் பாட்டு வகுப்பு கிடையாது, அந்த ரூம்ல கம்ப்யூட்டர் வெச்சுக்கலாம்."

அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டு வீடு முடிந்தது. குறட்டை கிடைத்த வீட்டில் கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. மிச்சம் இருந்தது தகர டப்பா. சனிக்கிழமை காலை அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிய மிஸ்ஸை, பட்டாணி தன் கட்டிடத்தின் வாசலிலேயே மறித்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா அலமாரியில் கால் விரலை இடித்துக்கொண்டதும், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பாதியில் விட்ட வாக்கியத்தை அந்த இடத்திலிருந்தே தொடர்ந்தாராம். அம்மா சமையலறையிலிருந்து மீதியை முடித்தாராம். அதிலிருந்து ஓயவில்லையாம். "இதை மட்டும் திருப்பிக் குடுத்துடாதீங்க மிஸ். இப்பதான் எங்க வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கு" என்று பையைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்தால் இந்தப் பிள்ளையின் வீடு போகும், கொடுக்காவிட்டால் பத்தொன்பது பேரின் வகுப்பு போகும். யோசித்துக்கொண்டே மிஸ் படியேறினாள். இரண்டு மாடி கீழே இருக்கும்போதே சண்டை காதில் விழுந்தது.

கூடத்தின் நடுவில் அலமாரி நின்றது. ஒரு பக்கம் கண்டக்டர், மறுபக்கம் அவர் மனைவி. "நீங்களே சொல்லுங்க மிஸ், ஜன்னலை மறைச்சா வெளிச்சம் வருமா?" என்றார் கண்டக்டர். "கதவை மறைச்சா மட்டும் நாம உள்ள வர முடியுமா, கேளுங்க" என்றார் மனைவி. நல்ல சண்டை. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு ஒழுங்கான தாளத்தைத் தன் வகுப்பில் கேட்டதில்லை என்று மிஸ்ஸுக்குத் தோன்றியது. பைக்குள் கையை விட்டு டப்பாவின் மூடியை இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலைமை ஆசிரியை கேட்கச் சொல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். "உங்க வீட்ல இந்த ரெண்டு நாள்ல ஏதாவது காணாம போச்சா?" இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். "என் பொறுமைதான்" என்றார் கண்டக்டர். "அது இருந்தாத்தானே காணாம போறதுக்கு" என்றார் மனைவி, சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எதுவும் காணாமல் போகவில்லை என்று எழுதி இருவருமே கையெழுத்துப் போட்டார்கள். அலமாரிக்குப் பின்னால் நின்ற பட்டாணி பெருமூச்சு விட்டாள். தலைமை ஆசிரியை திங்கட்கிழமை தாள்களை எண்ணினார், பத்தொன்பது இருந்தது, சரி என்றார்.

பெற்றோர் நாளன்று ஒன்றாம் வகுப்பு மேளத்தோடு பாடியது. எட்டுப் பேர் இன்னும் சுருதிக்கு அக்கம்பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆனால் தாளம் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. பாட்டு முடியும் இடத்தில் மூன்று தட்டு விழுந்தது, பட்டாணி டப்பாவைத் திறந்தாள். மண்டபம் முழுவதும் அடங்கியது. முன்வரிசையில் அம்மா மடியில் இருந்த தொட்டில் தம்பிகூட அடங்கினான். நாலாவது வரிசையில் கண்டக்டரும் மனைவியும் விறைத்துப்போனார்கள். ஒன்றரை வருஷம் கூடவே குடியிருந்ததை அவர்களுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? கண்டக்டர் சட்டென்று மனைவியின் கையைப் பிடித்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, திரும்பத் திரும்பத் திறந்தார். பட்டாணி அவர்களையே பார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு தட்டு அளவு பொறுத்து, டப்பாவை மூடினாள். உடனே கண்டக்டரின் குரல், பஸ்ஸில் நிறுத்தம் சொல்லும் அதே உரத்தில், "சரி, உன் இஷ்டம்தான், ஜன்னல் பக்கமே வெச்சுக்கோ!" என்று மண்டபமெங்கும் கேட்டது. கைதட்டல் அதற்குப் பிறகுதான் வந்தது.

டப்பா இன்றும் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில், சலங்கைக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் அதைத் திறந்து மூடித்தான் நாலாவது தட்டைக் கற்றுக்கொள்கிறார்கள். யாரும் அதிசயப்படுவதில்லை. மூடும்போது கிறீச்சிடுகிறது என்று போன வருஷம் மூடியை மட்டும் மாற்றினார்கள். பட்டாணி வளர்ந்து மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் வீட்டு அலமாரி இன்னும் கூடத்தின் நடுவில்தான் நிற்கிறது. கண்டக்டர் விட்டுக்கொடுத்ததும், இல்லை, நீங்கள் சொன்னதுதான் சரி, கதவுப் பக்கமே இருக்கட்டும் என்று மனைவி ஆரம்பித்துவிட்டார். நகர்த்த வேண்டும் என்றால் முதலில் பேச்சு முடிய வேண்டும், அந்த வீட்டில் அது முடிகிற வழியாக இல்லை.