பொங்கல்படிப் பானை

தை பிறந்தால் இன்றும் எனக்குப் பம்பாய் சயான் ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. என் மனைவி பேராச்சியின் அண்ணன் பூதத்தான் அம்பர்நாத்தில் ஆலைத் தொழிலாளி. அறுபதுகளில் ஒவ்வொரு பொங்கலுக்கும் முந்தின நாள், தங்கைக்குப் பொங்கல்படி கொடுக்க லோக்கல் ரயிலில் வந்து இறங்குவார். கரும்பை வைத்துக்கொண்டு கூட்டத்தில் பத்துப் பேரிடமாவது திட்டு வாங்கியிருப்பார். மடியில் வைத்துக் கொண்டுவந்த மண்பானையில் மட்டும் கீறல் இருக்காது.

எனக்குச் சிரிப்பாக வரும். நாங்கள் இருந்தது தாராவியில். நாலு எட்டு வைத்தால் கும்பார்வாடா, தெரு முழுக்கப் பானை. இவர் வழியில் கல்யாண் ஸ்டேஷனில் இறங்கி, பானை வாங்கி, மறுபடி ரயில் ஏறி வருவார். அண்ணன் சீர் தூரத்திலிருந்து வந்தால்தான் சீராம்.

அறுபத்தைந்தில் அவருடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. கூடப்பிறந்தவர் ஒன்று கொடுத்தால் பொருத்திப் பார்க்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூடப்பிறந்தவள் பேராச்சி ஒருத்திதான். நான் குதித்தேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கத்தினேன். அவள் சோறு வடித்தாள், பாத்திரம் கழுவினாள், மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் கொடுத்த சிறுநீரகம் மச்சான் உடம்பில் பிடித்துக்கொண்டது. ஆனால் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றார் டாக்டர். வெளி ஆளின் உறுப்பை உடம்பு உள்ளே விடாது, உங்கள் ஆலை வாட்ச்மேன் மாதிரி அடித்து விரட்டும், இந்த மாத்திரை அந்த வாட்ச்மேனைத் தூங்கவைக்கிறது என்று விளக்கினார். காலை ஆலைச் சங்கு ஊதும்போது மச்சான் வாயில் மாத்திரை இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த பொங்கலுக்கெல்லாம் வாசலிலேயே நின்று, "ஏட்டி, ஒன் சாமான் பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பானையை இறக்குவார். பேராச்சிக்கு அது பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அறுபத்தெட்டு தையில் சயான் ஸ்டேஷன் படியில் மயங்கி விழுந்தார். பானை சுக்குநூறு. ஆறு மாதமாக மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்கு தின்றுகொண்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

பயந்ததுதான் நடந்தது. பெருங்குடலில் புற்று. வாட்ச்மேன் தூங்கினால் திருடனும் நுழைவான் இல்லையா, மாத்திரைதான் காரணமாக இருக்கலாம், வெளிநாட்டு டாக்டர்கள் இப்போதுதான் இதைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், எனக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார் டாக்டர். புற்றை வெட்டி எடுத்துவிட்டு மாத்திரையைப் பாதியாக்க வேண்டும். ஆனால் பாதியாக்கினால் சிறுநீரகம் போனாலும் போகலாம்.

மச்சான் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "செத்தாலும் சரி, எந்தங்கச்சி குடுத்தத நான் தொலைக்க மாட்டேன்." உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குள்ளும் அதே நினைப்புதான் இருந்தது. என் பெண்டாட்டியை அறுத்து எடுத்ததல்லவா, வீணாய்ப் போகலாமா? அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பேராச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்ணே, வருசா வருசம் பானை கொண்டு வாரியே. போன வருசத்துப் பானை என்னாச்சுன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"எல்லாம் ஒடஞ்சு போச்சு. ஒண்ண நானே கைதவறிப் போட்டேன். குடுத்தாச்சுன்னு நீ கேக்கல. நான் மட்டும் கேப்பேனா? போனா போவுது. எனக்கு நீ வேணும்ணே."

நாற்பது வயது மனிதர் வார்டில் எல்லோரும் பார்க்க அழுதார். பிறகு சம்மதித்தார்.

அடுத்த தைக்கு, எலும்பும் தோலுமாக, ஒற்றைக் கரும்போடும் பானையோடும் வந்தார். சாமானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கல் பொங்கியதும் அண்ணனும் தங்கையும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அப்படி ஒரு பொங்கல் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இல்லை.

புற்று திரும்பவில்லை. சிறுநீரகம்தான் மெல்ல மெல்லத் தளர்ந்தது. அறுபத்தொன்பது மழைக்காலத்தில் போய்விட்டார்.

துக்கத்தில் ஒரு வருடம் நாங்கள் பொங்கல் வைக்கவில்லை. அதற்கு அடுத்த தைக்குப் புதுப்பானை வாங்கி வருகிறேன் என்று வீட்டை விட்டுக் கிளம்பினேன். கும்பார்வாடாவைத் தாண்டி நடந்தேன். சயானில் ரயில் ஏறிக் கல்யாணில் இறங்கி, ஒரு பானை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். கூட்டத்தில் நாலு பேர் திட்டினார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் பானை வாங்க இவ்வளவு நேரமா என்று பேராச்சி கேட்டாள். பிறகு என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த கல்யாண் ரயில் டிக்கெட்டைப் பார்த்தாள். பானையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.