அண்ணியிடம் கேட்க வேண்டியது

அக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை. கோச்கோர் என்ற அந்த மலையூரில் வெயில் இருந்தும் சூடில்லை. மலைகளின் தோள்வரை புதுப் பனி இறங்கியிருந்தது... ஆனால் எப்படிக் கேட்பது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று சைகால் கம்பளியின்மேல் குனிந்தவாறே எண்ணிக்கொண்டிருந்தாள். சிவப்பும் பழுப்புமாக இரண்டு தடித்த கம்பளிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விரிந்து கிடந்தன, ஆட்டுக்கொம்புச் சுருள்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்தவள் அவள், இரண்டையும் சேர்த்து ஒரே கத்தியால் வெட்டுகிறவள் எதிரே அமர்ந்திருந்த அண்ணி பூருல்சா, சிவப்பில் வெட்டியது பழுப்பில் போய் அமரும், பழுப்பில் வெட்டியது சிவப்பில். தலைநகரத்துக் கண்காட்சிகளில் இதை எத்தனை அழகாக விளக்கியிருக்கிறோம், எதுவும் வீணாவதில்லை என்று... வீணாகாமல் இருக்கலாம், ஆனால் வெட்டுப்படாமலா இருக்கிறது? இந்த அண்ணிதான் தன்னைப் பெற்றவள் என்பதை ஊரில் அறியாதவர் இல்லை, வாய்விட்டுச் சொன்னவரும் இல்லை. முதற்பிள்ளையை மாமனார் மாமியாருக்குக் கொடுப்பது முறை, ஆகவே பாட்டி அம்மாவானாள், தகப்பன் அண்ணனானான், பதினெட்டு வயதில் பெற்றவள் அண்ணியானாள்.

"என்ன நாத்தனாரே, கை நின்னுபோச்சு? மேடையில மட்டும்தான் விரல் பறக்குமோ?" என்றாள் பூருல்சா.

"உங்க கத்திதான் மொட்டை, அண்ணி."

"உன் நாக்கு இருக்கும்போது எனக்குக் கத்தி எதுக்குடி?"

சிரித்தார்கள். கோமுஸ் வாத்தியத்தின் மூன்று நரம்புகளில் நாற்பது ஆண்டுகள் வாசித்தவள், அதைத் தோளில் சாய்த்தும் தலைகீழாய்ப் பிடித்தும் அரங்கங்களை எழுந்து நிற்கச் செய்தவள், சுவர் நிறையக் கம்பளி ஓவியம் தொங்கவிட்டவள், அறுபத்தொன்றாம் வயதில் தன் வரலாற்றையும் எழுதி முடித்தவள், ஒரு வாக்கியத்துக்கு இப்படி நடுங்கலாமா... 'பூருல்சா என் தாய்' என்பதே புத்தகத்தின் முதல் வாக்கியம். திங்களன்று அச்சுக்குப் போகிறது, இவளைக் கேட்காமல் போகலாமா, வளர்த்தவள் மறைந்து பல காலமாயிற்றே, இனி யாருக்கு வலிக்கும், இவளுக்கு மகிழ்ச்சியாகத்தானே இருக்கும், இருக்குமா?

"அண்ணி... புத்தகத்துல உங்களை அம்மான்னு எழுதியிருக்கேன்."

கத்தி நிற்கவில்லை. கொம்பின் வளைவில் மெல்ல இறங்கி ஏறியது.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு. நீங்க வேணாம்னா எடுத்துடறேன்."

"எடுக்காதே. எழுத்து இருந்துட்டுப் போகட்டும். வாயால மட்டும் கூப்பிட்டுடாதே."

"ஏன்?"

"உனக்கு ரெண்டு வயசு. நான் மாட்டுக்கிட்ட உக்காந்து பால் கறந்துகிட்டிருந்தேன். பின்னாடி வந்து நின்னு, அம்மான்னுட்டே. என்னைப் பார்த்துதான். மாமியார் வாசல்ல நின்னாங்க. நான் திரும்பலே, கறந்துகிட்டே இருந்தேன். இப்ப கூப்பிட்டா திரும்பணுமேடி. திரும்பிட்டா, அன்னிக்கு ஏன் திரும்பலேங்கிறதுக்கு நான் என்ன சொல்லுவேன்?" கம்பளித் தூசியை முழங்காலிலிருந்து தட்டிவிட்டாள். "அண்ணியாவே இருக்கேன். உன்கூடச் சண்டை போட ஆள் வேணாமா?"

சைகால் அந்த நாளைத் தேடினாள்... பசுவின் வெப்பம், பால் வாளியின் ஓசை, ஒரு முதுகு, இல்லை, இவை இப்போது கேட்டதிலிருந்து தானே வரைந்துகொண்டவை, உண்மையில் ஒன்றும் இல்லை; எல்லாம் நினைவில் இருக்கிறது என்று முன்னுரையில் எத்தனை பெருமையாக எழுதினோம், முந்நூறு பக்கங்களில் இந்த முதுகு எங்கே? பெற்றவளுக்குப் பரிசாகக் கொடுப்பதாய் நினைத்து எழுதிய சொல்... தாளில் அழைத்தால் எவரும் திரும்ப வேண்டியதில்லை, அதனால்தான் அங்கே அழைத்தோமோ, இரண்டு வயதுக்காரி அன்றே கற்றுக்கொண்டுவிட்டாளோ, திரும்பாத முதுகைப் பார்த்து இனிமேல் எப்படி அழைப்பது என்று? கடைசிச் சுருளும் வெட்டுண்டது, பூருல்சா இரு கம்பளிகளையும் பிரித்தெடுத்தாள், சைகாலின் உதடுகள் 'அம்...' என்று சேர்ந்து அப்படியே நின்றன. அப்போது மணி நான்கு இருபது, இதுவாவது நினைவில் இருக்கட்டும்.