சனிக்கிழமை ஆகாது

தாராவியில் தமிழ் டீச்சராக இருப்பதற்கு நிறையப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. பிள்ளைகளுக்கு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, என் வகுப்பில் இரண்டையும் பிசைந்து ஒரு பாஷை. "டீச்சர், எட்வின் மேரா பென்சில் எடுத்துட்டான்" என்பார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஊரில் கோயில் கொடை என்றால் ஒரு மாதம், சாவு என்றால் மூன்று வாரம் என்று பிள்ளைகளோடு ரயிலேறிவிடும் பெற்றோரைத்தான் தாங்க முடியாது. போன மாதம்கூட ஸ்ரீதேவியின் அம்மா முப்பிடாதியம்மாளைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவைத்துக் கத்தினேன்.

"பெரியப்பா சாவுக்குப் போய் மூணு வாரமா? பிள்ளை படிக்க வேண்டாமா?"

"போவலன்னா மனசு கேக்காதுல்லா டீச்சர்," என்றாள். மறுநாள் ஸ்ரீதேவியிடம் மீன்குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். இவர்களிடம் முழுசாகக் கோபப்படக்கூட முடியாது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வள்ளியூரிலிருந்து தம்பி செல்வம் போன் செய்தான். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். இங்கே விடாத மழை. சயன் ஸ்டேஷனில் தண்டவாளம் தண்ணீருக்குள் கிடந்தது. விமானங்களையும் நிறுத்திவிட்டார்கள். துணிமணிகளைப் பையில் அடுக்கிவிட்டு, போக வழியில்லாமல் அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கு வரைக்கும் வையேன்டா. ஐஸ் பெட்டிதான் இருக்குல்லா."

"நாளைக்குச் சனிக்கிழமைக்கா. சனிக்கிழம எடுத்தா இன்னொரு உயிரையும் கூட்டிட்டுப் போயிரும்ங்காவ."

"ஒரு கோழியக் கட்டி எடுத்தா தோஷம் போயிரும்லா?"

"அதையும் சொல்லிப் பாத்துட்டேன். பெரியவங்க யாரும் ஒத்துக்கல. சாயந்தரம் எடுத்துருவாவக்கா."

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மழைமேல், பெரியவர்கள்மேல், இந்த ஊருக்கு வேலைக்கு வந்த என்மேல். அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேறு என்ன கேட்டேன்.

மத்தியானம் முப்பிடாதியம்மாள் வந்தாள். நான் போனில் கத்தியது சந்து முழுக்கக் கேட்டிருக்கும். முழங்கால் தண்ணீரில் நாலைந்து பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். என்னைக் கேட்காமலே விளக்கேற்றி, போனை வாங்கி அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். ஊருக்குப் போய்ச் சேர முடியாதவர்கள் இங்கே இப்படித்தான் செய்வார்கள். அங்கே எடுக்கிற நேரத்தில் இங்கே போனைச் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன்.

"அம்மைக்குப் பேரு என்ன டீச்சர்?"

"தங்கமயில்."

"என்னப் பெத்த தங்கமயிலே..." என்று அவள் நெஞ்சிலடித்துக்கொண்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் அம்மாவை அவர்களில் ஒருத்திகூடப் பார்த்ததில்லை. எனக்கு ஒரு நிமிடம் கூச்சமாக இருந்தது. பிறகு என் குரல்தான் எல்லோருடையதையும் விடப் பெரிதாகக் கேட்டது.

சாயந்தரம் செல்வம் வீடியோவில் வந்தான். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே பாடையைக் கால்மாட்டிலிருந்து காட்டத் தொடங்கினான். அம்மாவின் பாதம் தெரிந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது.

"முகத்தக் காட்டு செல்வம். முகத்தக் காட்டுடா."

சத்தம் மட்டும் வந்தது. சங்கு ஊதினார்கள். யாரோ "தூக்கு" என்றார்கள். படம் அசையவில்லை.

முப்பிடாதியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கால் கெடச்சிருக்கு டீச்சர். கும்பிட்டுக்கோங்க. சங்கு தூரப் போவுது."

விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோதும் அதே படம்தான். வெடித்த குதிகால். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"அம்மாவுக்கு வலிக்கும்," என்றேன். "இவ்வளவு இறுக்கமாவா கட்டுவாங்க?"

முப்பிடாதியம்மாள் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"சுடுகாட்டுல அவுத்துருவாவ டீச்சர்," என்றாள்.