கண்ணெதிரே போட்ட கையெழுத்து

"ஒவ்வொருத்தரும் உன் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டாங்களா, நோரீன்?"

ஊர் வங்கியில் நோட்டரி வேலையும் சேர்த்துப் பார்க்கும் ஆர்லிஸ் இந்தக் கோடையில் இதே கேள்வியைப் பதினான்கு முறை கேட்டிருக்கிறாள். பதினான்கு முறையும், மனுவுக்குக் கையெழுத்து சேகரிக்கும் நோரீன் வலது கையைத் தூக்கி, ஆமாம் என்று சத்தியம் செய்து, தாளில் முத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இன்று கையும் எழவில்லை, வாயும் திறக்கவில்லை.

மனுத் தாள்களைக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் மாநிலத் தலைநகர் லிங்கனுக்குப் போய்ச் சேர வேண்டும். கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்ற கேள்வி நவம்பர் வாக்குச் சீட்டில் வர வேண்டுமானால், மாநிலம் முழுக்கக் கையெழுத்து குவிந்தால் மட்டும் போதாது. முப்பத்தெட்டு மாவட்டங்களில் தனித்தனியாக வாக்காளர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் போட்டிருக்க வேண்டும். முப்பத்தேழு தேறிவிட்டன. முப்பத்தெட்டாவது, மனிதர்களைவிட மாடுகள் அதிகமுள்ள இவர்கள் மாவட்டம். இங்கே ஒன்பது கையெழுத்து குறைந்தது. நோரீன் கையிலிருக்கும் தாளில் சரியாக ஒன்பது இருந்தது.

ஆனால் அந்த ஒன்பது பேரும் போட்டதை அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் கணவன் டெல்மர் குளியலறையில் விழுந்துவிட்டான். போன் வந்ததும் நோரீன் தாளையும் பேனாவையும் பெவ்வின் காப்பிக் கடை மேசையில் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. சாலையோரத்தில் முட்டைப் பெட்டியை வைத்து, பக்கத்தில் ஒரு தகர டப்பாவையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிற ஊர் இது. எடுப்பவர் காசைப் போட்டுவிட்டுப் போவார். அதே பழக்கத்தில், காப்பி குடிக்க வந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள், போட்டார்கள், போனார்கள். பெவ் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து இன்று காலை கொடுத்தாள், பெருமையோடு வேறு.

"சொல்லிடுங்க" என்றாள் ட்ரூடி. தாள்களை வாங்கிப் போக இயக்கத்திலிருந்து வந்தவள். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஒம்போது பேரும் நிஜ ஆளுங்க. நிஜக் கையெழுத்து. யாரு வந்து கேக்கப் போறா?"

நோரீனுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். கைகளை நடுங்க வைக்கும் டெல்மரின் நரம்பு நோய்க்கு வேறு எந்த மருந்தும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை எல்லையைத் தாண்டி, கடையிலேயே சட்டப்படி விற்கும் கொலராடோவுக்குப் போய், காப்பிக் குடுவைக்குள் ஒளித்துக் கஞ்சா கொண்டு வருகிறாள். ஒரு போலீஸ்காரன் அந்தக் குடுவையைத் திறந்தால் பள்ளிப் பேருந்து ஓட்டும் உரிமம் போகும், வேலை போகும். அவள் உள்ளே போய்விட்டால் டெல்மரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க ஆளில்லை. இந்த நவம்பர் தவறினால் அடுத்த வாக்குச் சீட்டுக்கு இன்னும் இரண்டு வருடம். அதுவரை இப்படி ஓட்ட அவளிடம் தெம்பு இல்லை.

"இல்ல, ஆர்லிஸ். என் கண்ணெதிரே போடல."

ட்ரூடி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள் ஆர்லிஸ். "செவ்வாக்கெழம நானே பெவ் கடைல உக்காந்து ஆப்பிள் பை சாப்பிட்டேன், தாளு தனியாக் கெடந்துச்சு. நீ சொல்றியான்னுதான் பாத்தேன். எனக்கு அந்தக் கருமம் இந்த ஊருக்குள்ள வரவே வேண்டாம், அது வேற. ஆனா மணி இன்னும் எட்டே கால்தான். புதுத் தாள் இருக்குல்ல?"

"பதினொன்றரைக்கு நான் வண்டிய எடுத்துடுவேன்" என்றாள் ட்ரூடி. "ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டேன்."

கோதுமை அறுவடை உச்சத்தில் இருந்த வாரம். ஒருவனும் வீட்டில் இல்லை. நோரீன் பழைய வண்டியை வயல் வயலாக ஓட்டினாள். அறுவடை இயந்திரத்தை மறித்துக் கையாட்டினாள். வைக்கோல் தூசியில் இருமிக்கொண்டே, சட்டம் சொல்கிறபடி, மனுவின் நோக்கத்தை ஒவ்வொருவருக்கும் உரக்கப் படித்தாள். "ஏற்கெனவே போட்டாச்சே" என்றார் ஒருவர். "மறுபடியும் போடுங்க, நான் பாக்கணும்" என்றாள். "கல்யாணத்துக்குக்கூட ஒரு தடவதான் போட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போட்டார். பத்தே முக்காலுக்கு ஏழு கையெழுத்து சேர்ந்துவிட்டது. எட்டாவது ஆள் ஊரிலேயே இல்லை.

இன்னும் இரண்டு வேண்டும். பட்டியலில் மிச்சம் ஒரே பெயர். வெஸ் க்ரூகர்.

அந்தப் பெயரை அவள் வேண்டுமென்றேதான் கடைசியாக வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வெஸ்ஸின் பள்ளிப் பெட்டியில் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டு கிடைத்தது. மல்யுத்தத்தில் கெட்டிக்காரப் பையன், கல்லூரியே கூப்பிட்டிருந்தது. பள்ளிக் குழுத் தலைவர் அவனை நீக்கிக் கடிதம் கொடுத்தார். அந்தத் தலைவர் டெல்மர் நோவாக். அன்று அவனைப் பேருந்தில் வீடு கொண்டுபோய் விட்டவள் நோரீன். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாததுதான் இன்றுவரை அவளைக் குத்துகிறது.

வெஸ் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தான். அவள் படித்ததை முழுக்கக் கேட்டான். பேனாவை வாங்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் போட்டுட்டாரா, மிஸஸ் நோவாக்?"

"இல்ல."

"ஏன்?"

"வெக்கப்படறாரு. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போடுவேங்கறாரு."

"அன்னிக்குக் கடைல யாரும் கேக்கல, போட்டேன். இப்ப நீங்களே வந்து கேக்கறீங்க, மொதல்ல அவர் போடட்டும். அதுக்குக் கீழ நான் போடறேன். கிறுக்கல்லாம் வேண்டாம். என் லெட்டர்ல போட்டாரே, அழகா, கொம்பு வளைச்சி, அதே கையெழுத்து."

"வெஸ், அவருக்குக் கரண்டிய ஒழுங்காப் பிடிச்சே வருஷக் கணக்கு ஆச்சு."

"அப்ப நானும் வர்றேன். பாக்கறேன்."

கெஞ்ச நேரமில்லை. கோபப்படவும் அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினாள்.

டெல்மர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாசலில் வெஸ்ஸைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. நோரீன் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். நோக்கத்தைப் படித்தாள். தாளை மேசையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டெல்மர் பேனாவை எடுத்தான். அது மேசையில் தடதடவென்று தட்டி, உருண்டு, கீழே விழுந்தது.

மணி பதினொன்று.

"அலமாரில ஒரு சுருட்டு இருக்கு" என்றான் டெல்மர், நோரீனைப் பார்க்காமல். "கடைசி."

அவள் எடுத்து வந்தாள். அவன் வாயில் வைத்துக்கொண்டான். தீக்குச்சியைக் கிழிக்கப் போனான். ஒன்று உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. நோரீன் பெட்டியை வாங்கக் கை நீட்டினாள், அதற்குள் வெஸ் அதை எடுத்துவிட்டான்.

"தப்புப் பண்ணிட்டேன், வெஸ்" என்றான் டெல்மர். "அன்னிக்கு எனக்கு இதப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது."

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? அத நான் பத்த வெக்கவே இல்ல. ஒரு இழுப்புகூட இல்ல."

அவன் குச்சியைக் கிழித்து, காற்றுக்குக் கையால் மறைத்து, கிழவனின் வாயருகே கொண்டுபோனான். டெல்மர் இழுத்தான், இருமினான், மறுபடி இழுத்தான். மூன்று பேரும் கடிகாரத்தையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பதினொன்று நான்கு. பதினொன்று ஏழு. விரல்கள் மேசையைத் தட்டுவது குறைந்தது. பதினொன்று பத்துக்கு டெல்மர் கையை நீட்டிப் பார்த்தான். கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான்.

அவன் மெதுவாக எழுதினான். பெயரை, முகவரியை, தேதியை. கையெழுத்தின் முதல் எழுத்தில் கொம்பை வளைத்தான். வெஸ் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தான்.  இவன் இப்போது மாட்டேன் என்றாலும் நியாயம்தான் என்று நினைத்தாள் நோரீன்.

"இதேதான்" என்றான் வெஸ். கீழே தன் பெயரைப் போட்டான். அப்புறம் தரையில் கிடந்த உடைந்த குச்சிகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "நான் இங்கியே இருக்கேன், நீங்க போங்க" என்றான்.

பதினொன்று இருபத்தாறுக்கு அவள் வங்கிக்குள் ஓடினாள். வெளியே ட்ரூடி வண்டியைக் கிளப்பியே வைத்திருந்தாள். ஆர்லிஸ் தாளை வாங்கிப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து, கடைசி இரண்டில் நின்றாள். தலையை நிமிர்த்தினாள். நோரீனின் சட்டையிலிருந்து வந்த வாசனை அவள் மூக்கைச் சுளிக்க வைத்தது. மாவட்டமே அறிந்த வாசனை அது.

போலீசைக் கூப்பிடலாமா என்று யோசிப்பவள் போல ஆர்லிஸ் போனைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"கையத் தூக்கு" என்றாள். "ஒவ்வொருத்தரும் உன் கண்ணெதிரே போட்டாங்களா?"

"ஆமாம்" என்றாள் நோரீன். கண்ணில் நீர் வந்ததைத் துடைக்கவில்லை. "ஒவ்வொருத்தரும்."

"நவம்பர்ல நான் வேண்டாம்னுதான் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே ஆர்லிஸ் முத்திரையை அழுத்திக் குத்தினாள்.